336 ரூபாய்க் கூலி, 4,999 ரூபாய் டிஸ்க்

புதுசு வாங்க வழியில்லை, பழசு கிடைப்பதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் எட்டாமல் போவது ஏன்?

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் தறிக்கு வேண்டிய சாமான் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மில் மோட்டாருக்கு பேரிங், கிணற்று மோட்டாருக்கு காயில், கல்யாணத்துக்குச் சேலை, தீபாவளிக்கு வெடி என்று எதற்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5 என்ற வீடியோ கேம் மெஷினுக்கு டிஸ்க் ஒன்று கேட்டுப் பாருங்கள். செல்போன் கடை அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதெல்லாம் இங்க ஓடாது தம்பி. ஆன்லைன்ல போடு, இல்லைன்னா மதுரைக்குப் போய்ப் பாரு" என்பார். மதுரை இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் பக்கம். திருச்சுழிக்கு உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்துப் பையன் அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

மதுரைக்கே போனாலும் விலை இறங்கிவிடப் போவதில்லை. 2021-இல் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது, சோனி தன் சொந்தத் தயாரிப்பான பெரிய கேம்களுக்கு வைத்த விலை 4,999 ரூபாய். ஒரு டிஸ்க், ஒரு கேம், அவ்வளவுதான். இந்தக் கரிசல் காட்டில் கூலியைப் பற்றிப் பேச எல்லோருக்கும் தெரிந்த அளவு நூறு நாள் வேலை. 2025-26 நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். கண்மாய்க் கரையில் பதினைந்து நாள் வெயிலில் மண் சுமந்தால் 5,040 ரூபாய் வரும். டிஸ்குக்குக் கொடுத்தது போக மிச்சம் 41 ரூபாய். சரி, டிஸ்கைப் போட மெஷின் வேண்டாமா? 2022 நவம்பரில் டிஸ்க் போடும் பிஎஸ்5-இன் விலை 54,990 ரூபாய் ஆனது. அதற்கு 164 நாள் கூலி. வருஷம் முழுக்க ஒரு வீட்டுக்கு உறுதி சொல்லப்பட்டதே நூறு நாள்தான்.

அமெரிக்காவில் இதே வகைப் புது கேமின் விலை 70 டாலர். அந்த நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்த அடிமட்டக் கூலி வாங்குகிறவர்கூட பத்து மணி நேரம் உழைத்தால் கேமை வாங்கிவிடலாம். அங்கே ஒன்றேகால் நாள், இங்கே பதினைந்து நாள். விலையை ரூபாய்க்கு மாற்றினார்களே தவிர, வாங்குகிறவரின் நிலைமைக்கு யாரும் மாற்றவில்லை.

"சோத்துக்கு அல்லாடுற ஊர்ல கேம் ஒண்ணுதான் குறைச்சலா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். சினிமாவைப் பற்றியும் இப்படித்தான் கேட்டார்கள், டிவியைப் பற்றியும் கேட்டார்கள். மழையை நம்பி விதைக்கிற பூமியில், சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கும், உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கிற, ஆடுகிற, பேசுகிற ஒன்றைத் தொட்டுப் பார்க்க உரிமை உண்டு. அது பிழைப்பு சம்பந்தப்பட்டதும்கூட. கேம் தயாரிப்பு இன்று ஓவியருக்கும், இசையமைப்பவருக்கும், கதை எழுதுகிறவருக்கும், புரோகிராம் எழுதுகிறவருக்கும் சோறு போடும் தொழில். இந்த மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். நாவலே படிக்காதவர் நாவல் எழுத முடியாது. நல்ல கேம் ஒன்றைக்கூட ஆடிப் பார்க்காதவர் கேம் தயாரிக்கவும் முடியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2023 ஜூலை 31-இல் 'வெண்பா' என்ற கேம் வெளியானது. தயாரித்தது கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு. 1980-களில் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன் தம்பதி, அங்கே பிறக்கும் அவர்கள் மகன் கவின், இவர்களின் கதை அது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். விட்டுப்போன வரிகளை நாமே ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். மகன் மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகிப்போவதும், தாய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் நெஞ்சைப் பிசையும். 2024-இல் அதற்கு சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. புட்டுக் குழாயில் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த வரிசையில் விழ வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாத பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் அந்த கேமின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. கம்ப்யூட்டரோ மெஷினோ வேண்டும், கணக்கு வேண்டும், இணையத்தில் பணம் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். இத்தனை படி ஏறினால்தான் அது கைக்கு வரும்.

இதுவரை வந்த வழி

இந்த வட்டாரத்துக்கு வீடியோ கேம் எப்படி வந்தது என்று திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கடையில் விலை போட்டு விற்ற சரக்காக அது இங்கே வந்ததே கிடையாது. வேறு வேறு பக்கவழியாகத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் வந்தது 'டிவி கேம்'. 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற மெஷினை 14,800 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. அதன் சிப்பைத் தைவான்காரர்கள் நகல் எடுத்தார்கள். பெயரில்லாத பெட்டிகள் ஆசியா முழுக்கப் பரவின. திருவிழாக் கடையில் பொம்மைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் அதுவும் தொங்கும். மஞ்சள் கேசட்டில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டு கேம்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, டாங்கு, வாத்துச் சுடுவது. 2006 செப்டம்பர் 15-இல் அன்றைய தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 இன்ச் டிவி போனது. அரசாங்கம் அதைக் கொடுத்தது செய்திக்கும் சினிமாவுக்கும் சீரியலுக்கும். அதன் மஞ்சள், வெள்ளை ஓட்டைகளில் வயரைச் சொருகி, கோடை லீவு முழுக்க மரியோவைக் குதிக்க வைத்தது பிள்ளைகளின் வேலை.

பிறகு வந்தது 'பிஎஸ் கடை'. ஒரு சின்ன அறை, இரண்டு மூன்று டிவி, பிளாஸ்டிக் நாற்காலிகள், மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாடகை. மெஷின் பிஎஸ்2. உள்ளே சிப் போட்டிருக்கும். நகல் எடுத்த டிவிடியும் ஒரிஜினல் போலவே ஓடுவதற்காக வைக்கிற சிப் அது. மதுரை மீனாட்சி பஜாரில் இருந்தோ சென்னை பர்மா பஜாரில் இருந்தோ கவர் கவராக டிஸ்க் வரும். வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், மல்யுத்தம், கார் ரேஸ். விலை ஒரு சினிமா டிக்கெட் அளவுக்குத்தான். தயாரித்தவர்களுக்கு அதில் ஒரு காசுகூடப் போகவில்லை. அது சரியென்று நான் வாதாட வரவில்லை. பல நூறு பேர் வருஷக்கணக்கில் உழைத்து உருவாக்கியதைத் திருடி விற்ற வியாபாரம் அது. ஆனாலும் ஒரிஜினல் டிஸ்க் விற்கும் கடை ஒன்றுகூட வராத ஊருக்கு நகல் டிஸ்க் மட்டும் பஸ் பிடித்து வந்தது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

சோனிக்கு இது தெரியாமல் இல்லை. பிஎஸ்2-இன் கடைசிக் காலத்தில் இந்தியச் சந்தையை மனதில் வைத்தே கேம்கள் செய்ய வைத்தது. 2009-இல் ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. அதே ஆண்டு 'தேசி அட்டா' வந்தது. கபடி, பட்டம், நம் கிட்டிப்புள்ளின் வடக்கத்திச் சகோதரனான கில்லி தண்டா எல்லாம் அதில் இருந்தன. மெஷின் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. அமெரிக்காவில் 2000-இல் 299 டாலருக்கு அறிமுகமானது, 2009-இல் 99 டாலருக்கு வந்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 16 கோடி விற்று, இதுவரை அதிகம் விற்ற மெஷினாக அது நிற்பதற்கு இந்த இறக்கமும் ஒரு காரணம். பழசாக ஆக மலிவாகும் என்பது அப்போது இயற்கை விதிபோல இருந்தது.

2007-இல் இந்தியாவுக்கு வந்த பிஎஸ்3-இன் விலை 39,990 ரூபாய். அதில் சிப் விளையாட்டு எளிதில் பலிக்கவில்லை. பிஎஸ் கடைக்காரர்கள் பலர் பிஎஸ்2-ஓடு நின்றுவிட்டார்கள். லென்ஸ் தேய்ந்தது, டிஸ்க் படிக்கவில்லை, கடை மூடியது.

பை நிறைய வந்த கேம்

இந்தப் பகுதியின் வீடியோ கேம் சரித்திரத்தில் பெரிய நாள் எது என்று கேட்டால், 2011 செப்டம்பர் 15 என்பேன். அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய நாள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கும், அதேபோல் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் லேப்டாப். அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க்.

அந்த 320 ஜிபியில் பாடத்துக்குப் போனது கொஞ்சம். மிச்சம் பென் டிரைவ் வழியாக நிறைந்தது. மதுரைக் கல்லூரி ஹாஸ்டலில் இருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வரும் அண்ணன் ஒருவர் போதும். திங்கட்கிழமைக்குள் தெரு முழுக்க அதே கேம் இருக்கும். ஐஜிஐ, ரோடு ராஷ், நீட் ஃபார் ஸ்பீடு, வைஸ் சிட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, 'கிரிக்கெட் 07'.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இஏ ஸ்போர்ட்ஸ் அதை வெளியிட்டது 2006 நவம்பரில். அதன் பிறகு அந்த நிறுவனம் கம்ப்யூட்டருக்கு வேறு கிரிக்கெட் கேம் கொண்டுவரவில்லை. இப்போது அதை முறையாகக் காசு கொடுத்து வாங்க ஒரு கடையும் இல்லை, இணையக் கடையும் இல்லை. ஆனால் கிரிக்கெட் பித்துப் பிடித்த ஒரு துணைக்கண்டமே அதை விடாமல் பிடித்துக்கொண்டது. பெயர் தெரியாத ரசிகர்கள் ஆண்டுதோறும் புது ஜெர்சி, புது வீரர்கள், ஐபிஎல் அணிகள் எல்லாம் சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். தோனி மஞ்சள் சட்டையில் இறங்குகிற 'கிரிக்கெட் 07' எந்த நிறுவனமும் தயாரித்ததல்ல. அதைத் தயாரித்தது ரசிகர்கள். அரசாங்க லேப்டாப்பில் அது வெண்ணெய்போல ஓடும்.

கிரிக்கெட் 07-க்கு நேர்ந்தது அதற்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன்பு அந்த நாட்டில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்றது அது. விற்கவும் மாட்டார்கள், நகல் எடுத்தால் குற்றம் என்பார்கள். தப்பிப் பிழைத்த பிரதிகள் சேகரிப்பாளர் கைக்குப் போகின்றன. 2021 ஜூலையில் பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' கேசட் ஒன்று ஏலத்தில் 15 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. பழசு என்பதற்கு மலிவு என்ற பொருள் எப்போதோ போய்விட்டது.

அந்த லேப்டாப் இன்னொன்றையும் செய்தது. பிஎஸ் கடைக்குள் பெண் பிள்ளைகள் போனதில்லை, போகவிட்டதும் இல்லை. பையன்கள் அடைத்துக்கொண்டு இருக்கும் இருட்டறை அது. லேப்டாப் அவர்கள் பெயருக்கே வந்தது, அவர்கள் வீட்டுக்கே வந்தது. திண்ணையில் தம்பிக்குப் பங்கு கொடுத்து, முதல் முறையாக அக்காவும் கார் ஓட்டினாள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிவானது, கேம் கைப்பேசிக்குள் குடியேறியது. பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடக் காசு கேட்கவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜிக்கும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் மத்திய அரசு தடை போட்டது தனிக்கதை. இலவசம் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு, சட்டைக்கும் துப்பாக்கிக்கும் டைமண்ட் என்ற பெயரில் காசு கேட்கிற இந்த வகை கேம்களே கேம் என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு நல்ல நாவலைப்போலத் தொடங்கி, வளர்ந்து, முடிகிற கேம்கள் உண்டு. அவை இவர்கள் கைக்கு வருவதே இல்லை.

விலை ஏன் இறங்கவில்லை?

காரணங்களில் பாதி டெல்லியில் இருக்கிறது. 2018 பட்ஜெட்டில் வீடியோ கேம் மெஷின்கள் மீதான சுங்க வரி 10 சதவீதத்தில் இருந்து 20 ஆனது. பொம்மை, விளையாட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏற்றினார்கள். 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 18 ஆனது. இந்த விகிதங்களில் கணக்குப் போட்டால், துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்புக்கு வந்து இறங்கும் மெஷின் சுங்கம், அதன் மேல் கூடுதல் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் ஏறி 144 ரூபாய் ஆகிவிடும். உள்நாட்டு உற்பத்தியைக் காப்பாற்ற வரி என்றால் புரிந்துகொள்ளலாம். இந்த மெஷின்களைப் பொறுத்தவரை காப்பாற்ற அப்படி எந்தத் தொழில் இங்கே இருந்தது?

மீதிப் பாதி டாலரிலும் சிப்பிலும். 2021 தொடக்கத்தில் 73 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. கொரோனா காலச் சிப் தட்டுப்பாட்டில், 2021 ஜனவரி 12-இல் இந்தியாவில் பிஎஸ்5-க்கு முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்தது. வேகமான இணையமும் கிரெடிட் கார்டும் வைத்திருந்த நகரத்துக்காரர்களுக்கே கிடைக்கவில்லை. அப்போது 49,990-ஆக இருந்த மெஷின் அடுத்த ஆண்டே 5,000 ரூபாய் ஏறியது. பிஎஸ்2 வயதாக ஆக இறங்கியது. இது வயதாக ஆக ஏறுகிறது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2017-இல் வெளியானது, உலகமே வாங்கியது. இந்தியாவுக்கு அந்த நிறுவனம் அதை முறைப்படி கொண்டுவரவே இல்லை. வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு, அல்லது இறக்குமதிக் கடைக்காரர் சொல்கிற விலை. கெட்டுப்போனால் கேட்க நாதியில்லை.

பழைய டிஸ்கின் அருமை

இப்படிப்பட்ட ஊரில் ஒரே நியாயமான வழி, பழைய டிஸ்க். செகண்ட் ஹேண்டில் வாங்கத் தெரிந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். கவரை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டிஸ்கை ஓரத்தில் பிடித்து, டியூப்லைட்டுக்குச் சாய்த்து, மெல்லச் சுழற்றுவார்கள். வெளிச்சம் கோடு போட்டு ஓடும்போது கீறல் தெரியும். வட்டத்தோடு ஓடுகிற கீறல்தான் அதிகம் பயப்பட வேண்டியது. நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகப் போகும் கீறலைப் பெரும்பாலும் லேசர் சமாளித்துவிடும். பழைய சிடி, டிவிடியில் பேஸ்ட் தேய்த்துக் கீறலைப் போக்குகிற வித்தை ப்ளூ-ரேயில் பலிக்காது. அதில் தகவல் இருக்கும் அடுக்கு மேல்பரப்பில் இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அதற்காகவே மேலே கெட்டியான பூச்சு கொடுத்திருக்கிறார்கள். லேசில் கீறாது, கீறினால் அதோடு போச்சு.

மெஷின் வாங்குகிறவர்கள் பின்பக்கம் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு பறக்கிற ஊர் இது. மில்லுக்கும் தறிக்கும் பக்கத்து வீட்டில் இருந்து வந்த பிஎஸ்4-ஐத் திறந்தால், விசிறி இறக்கைகளில் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளிபோல அப்பியிருக்கும். ஆன் செய்த கால் மணி நேரத்தில் விசிறி கிரைண்டர்போல இரைந்தால், சுத்தம் பண்ணும் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

ஒரு டிஸ்கை ஒருவர் 4,999-க்கு வாங்கி, முடித்துவிட்டு 3,500-க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் ஆடிவிட்டு 2,500-க்கும், மூன்றாமவர் 1,800-க்கும் கைமாற்றுகிறார். முதலாமவருக்கு ஆன செலவு 1,499, இரண்டாமவருக்கு 1,000, மூன்றாமவருக்கு 700. பதினைந்து நாள் கூலி இரண்டு நாள் கூலியாகிவிட்டது. விற்ற காசு கைக்கு வருவதால்தான் முதலாமவர் அடுத்த புது டிஸ்கைத் துணிந்து வாங்குகிறார். பழைய டிஸ்கால் எங்களுக்கு நஷ்டம் என்று நிறுவனங்கள் சொல்லும்போது இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. திருட்டு டிஸ்கையும் பழைய டிஸ்கையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். பழைய டிஸ்குக்கு ஒரு முறை முழு விலை கொடுத்தாயிற்று.

இந்த வழியைத்தான் இப்போது அடைக்கிறார்கள். 2013-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷினை அறிவித்தபோது, டிஸ்கைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப் பார்த்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, ஜூன் 19-ஆம் தேதி பின்வாங்கியது. அன்று முன்வாசலில் முடியாததைப் பின்வாசலில் முடித்துவிட்டார்கள். டிஸ்க் போடும் வசதியே இல்லாத மெஷினைக் கொஞ்சம் விலை குறைத்து விற்கிறார்கள். 2024 நவம்பரில் சோனி வெளியிட்ட பிஎஸ்5 ப்ரோ, 700 டாலர் விலைக்கும் டிஸ்க் டிரைவ் இல்லாமலேயே வந்தது. 2022-இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2'-இன் பிஎஸ்5 டிஸ்கில் இருந்தது எழுபது எம்பி சொச்சம் மட்டும். மற்றதெல்லாம் இணையத்தில் இறக்க வேண்டும். இந்தக் காலத்து கேம் 100 ஜிபி சர்வசாதாரணம். தினம் 2 ஜிபி கிடைக்கிற செல்போன் பிளானில், வேறு எதற்கும் தொடாமல் இறக்கினால் ஐம்பது நாள்.

இறக்கி வைத்ததும் நம்முடையது இல்லை. 2024 மார்ச் 31-இல் யுபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை நிறுத்தியது. டிஸ்க் வாங்கியவர்களுக்கும் அன்றோடு அது ஓடவில்லை. அதே ஆண்டு ஜூலை 29-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடை மூடப்பட்டது. நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, அனுமதியை மட்டும்தான் என்று இணையக் கடைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் நடைமுறையில் இருக்கிறது. சொல்லிவிட்டு விற்பது நேர்மை. ஆனால் அனுமதியைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது, அவசரத்துக்கு விற்க முடியாது, அடுத்த தெருப் பையனுக்கு இரவல் தரவும் முடியாது. அண்ணன் சட்டையும் அக்கா புத்தகமும் கைமாறியே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

நூலகத்தில் ஓர் அலமாரி

நூலகத்தை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை வணிக நோக்கில் வாடகைக்கு விடும் உரிமையை உரிமையாளருக்கே கொடுத்திருக்கிறது. ஆனால் 2012-இல் அந்தச் சட்டத்தில் 2(எஃப்ஏ) என்று ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். முறையாக வாங்கிய பிரதியை லாப நோக்கமற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ லாபமின்றி இரவல் கொடுப்பது வணிக வாடகை ஆகாது என்கிறது அது.  கம்ப்யூட்டர் புரோகிராமைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கேமும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்தான். ஆக, ஒரு பொது நூலகம் பிஎஸ்5 டிஸ்கைக் கடையில் வாங்கி, பதினைந்து நாளைக்கு இரவல் கொடுக்கச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. உள்ளே நுழைய வேண்டியது பொது நூலக இயக்ககம்தான்.

நமக்கு இது புதுப் பழக்கமா? சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம், 1948-இல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தச் சட்டத்தின்படிதான் இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி போகிறது. திருச்சுழி வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தில் கேம் ஆடவே அறைகள் இருக்கின்றன. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்க்கும்போது, நமக்கும் கட்டத் தெரியும், பிள்ளைகளுக்கென்று தாராளமாகச் செலவழிக்கத் தெரியும் என்பது தெரிகிறது. அந்தத் தாராளம் ஐம்பது கிலோமீட்டர் தெற்கே வர வேண்டும்.

செலவு என்று பார்த்தால், முன்பு சொன்ன விலைகளில் 54,990 ரூபாய்க்கு ஒரு மெஷின், புது விலையிலேயே பத்து டிஸ்க் 49,990. மொத்தம் 1,04,980 ரூபாய். இத்துடன் ஒரு டிவி. ஒரு வீட்டால் முடியாதது. ஓர் ஊருக்கு இது பெரிய தொகை இல்லை. முதலில் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் உள்ள நூலகங்களில் தொடங்கலாம். எந்த கேம், எந்த வயதுக்கு என்பதை உள்ளூர் ஆசிரியர்கள் உட்கார்ந்து முடிவு செய்யலாம். டிஸ்க் அட்டையிலேயே வயது போட்டிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இன்னொரு பிஎஸ் கடை ஆகிவிடும். வாங்கப் போகும்போது விலை குறைவு என்று டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலை எடுத்துவிடக் கூடாது. அதை வைத்துக்கொண்டு நூலகத்தால் யாருக்கும் எதையும் இரவல் கொடுக்க முடியாது.